ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று யாராவது போன் செய்தால், "அதுக்குள்ள என்ன இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். என்ன மதர்போர்டு, எத்தனை ஜிபி ரேம், எந்த விண்டோஸ் என்பதெல்லாம் அப்புறம். உள்ளே ஒன்றுமில்லை, பையன் கேம் விளையாடுவான் என்றால் ஒரு வழி. பத்து வருடத்துப் போட்டோவோ கணக்கோ எழுத்தோ இருக்கிறது என்றால் முற்றிலும் வேறு வழி. அந்த இரண்டாவது வகையில், பெட்டியை ஓட வைப்பது அவசரமே இல்லாத வேலை. உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. அய்யம்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் சிஸ்டம்.

பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வேலையில் இருந்தபோதே ஊர் ஊராகப் போய் நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். பாடிய பெண்கள் பலர் இப்போது இல்லை. ஓய்வுக்குப் பிறகு அந்த நோட்டுகளைத் தானே தட்டச்சு செய்து புத்தகமாக்க வேண்டும் என்று 2008ல் கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கினார். கோர் 2 டூவோ, 2 ஜிபி டிடிஆர் 2 ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. அதில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7. எழுத்துரு வானவில். அன்றைக்குத் தமிழில் புத்தகம் தயாரித்த எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்தார்கள். அவர் கை அதிலேயே பழகிவிட்டது. இணைய இணைப்பு கிடையாது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு நின்றபோதும் அவருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

போனில் பெரியப்பா சொன்னது: "பாப்பா, பொத்தானை அமுக்குனா ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடுது. சில நேரம் ஓடும். ஓடுனா எக்ஸ்பி படம் வந்து, ஒரு நீலம் மின்னிட்டு, திரும்ப முதல்லேருந்து வருது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். விண்டோஸ் கெட்டுப்போச்சு, ஃபார்மட் போட்டாதான் ஆகும்னு சொல்லிட்டாரு."

"போட விட்டீங்களா பெரியப்பா?"

"இல்ல. சி டிரைவ் மட்டும்தான் போகும், மத்தது எல்லாம் அப்படியே இருக்கும்னாரு. எனக்கு மனசு ஒப்பல. நீ வந்து பாத்துட்டுச் சொல்லுன்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

அந்த 'சி டிரைவ் மட்டும்' என்ற வார்த்தைதான் எத்தனையோ வீடுகளில் எல்லாவற்றையும் அழித்திருக்கிறது. சிஸ்டத்தை அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் கோப்புகளை எங்கே வைக்கிறார்கள்? டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமென்ட்ஸிலும். எக்ஸ்பியில் அந்த இரண்டும் சி டிரைவுக்குள், டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கின்றன. நிறுவிய எழுத்துருக்களும் அதே டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். டி டிரைவில் பெரியப்பா வைத்திருந்தது சில பாட்டு எம்பி3களும் பேத்தியின் பிறந்தநாள் வீடியோவும்தான். பாட்டுத் தொகுப்பு முழுவதும் டெஸ்க்டாப்பில். சி டிரைவ் போயிருந்தால் எல்லாமே போயிருக்கும்.

நான் டிப்ளமோ முடித்துவிட்டுத் திருச்சியில் சில வருடம் சர்வீஸ் வேலை பார்த்தவள். இப்போது ஒரு கல்லூரியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் வந்த ஆளின் நிலைமையும் எனக்குத் தெரியும். காரணம் தேடி உட்கார்ந்தால் அரை நாள் போகும், அதற்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். ஓ.எஸ். போட்டால் ஒரு மணி நேரத்தில் காசு கைக்கு வரும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஃபார்மட் என்பது பழுது பார்ப்பது ஆகாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

போனிலேயே இன்னும் சிலவற்றைக் கேட்டேன். நேரம், தேதி சரியாகக் காட்டிக்கொண்டிருந்ததா? இல்லையாம். பல மாதமாகவே காலையில் போட்டதும் கறுப்புத் திரையில் ஏதோ வந்து எஃப் 1 அமுக்கச் சொல்லும், அமுக்கினால் போய்விடும், தேதி மட்டும் 2008 என்று இருக்கும். காலையில் தகராறு அதிகமா, மதியத்திலா? காலையில்தான், அதுவும் மார்கழியில் ரொம்ப மோசம். பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல்: "சுரீர்னு இழுக்குது, நான் கிட்டயே போறதில்ல." வந்த ஆள் உள்ளே எதையாவது கழற்றினாரா? ஆமாம், காசு மாதிரி வட்டமாக ஒன்றை எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்பப் போட்டாராம்.

சரி. இந்தப் பதில்களிலேயே முக்கால்வாசி விடை இருந்தது. நான் பார்த்தவரை, வயதான சிஸ்டம் கிளம்பாமல் போவதற்கு ஒரே ஒரு காரணம் இருப்பது குறைவு. இரண்டு மூன்று சின்னப் பழுதுகள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். வெளியே பார்க்கிறவருக்கு அது ஒரே பெரிய பழுதாகத் தெரியும். 'போர்டு போச்சு' என்ற தீர்ப்பு அங்கிருந்துதான் வருகிறது.

"நான் வர்ற வரைக்கும் அதைப் போடவே போடாதீங்க பெரியப்பா, பிளக்கைக் கழற்றிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். இதை எல்லோருக்கும் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க் பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பதும் அதன் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்னும். பாதியில் நின்று நின்று கிளம்பும்போது எக்ஸ்பி டிஸ்கில் எழுதவும் செய்யும். வந்துவிடுமோ என்ற ஆசையில் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குவதுதான் மிச்சமிருப்பதையும் கெடுக்கும்.

ஊருக்குப் போனதும் பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிவந்து பக்கத் தகட்டைக் கழற்றினேன். தூசியும் பல்லி முட்டை ஓடும் நிறைய. ஃபேனில் ஒட்டடை. எதையும் தட்டாமல் முதலில் ஹார்ட் டிஸ்கை மட்டும் வெளியே எடுத்தேன். சாட்டா கேபிளும் பவர் கேபிளும் உருவி, நான்கு திருகுகளை எடுத்தால் கைக்கு வந்துவிடும். டிஸ்கை யு.எஸ்.பி.யாக மாற்றித் தரும் அடாப்டர் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதற்குத் தனி பவர் அடாப்டரும் வேண்டும், மூன்றரை அங்குல டிஸ்குக்கு யு.எஸ்.பி. தரும் மின்சாரம் போதாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படி எடுத்த டிஸ்கை விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால், டிஸ்கில் கோளாறு இருக்கும் பட்சத்தில், 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா' என்று அதுவே கேட்கும். பதறிப்போய் சரி என்று அமுக்கியவர்களை எனக்குத் தெரியும். அதனால் நான் லினக்ஸ் பென்டிரைவில் லேப்டாப்பைக் கிளப்பி, டிஸ்கை மவுன்ட் செய்யாமலே, அதாவது அதிலுள்ள ஃபோல்டர்களைத் திறக்காமலே வேலை பார்ப்பேன்.

முதலில் காது கொடுத்துக் கேட்டேன். டிஸ்க் சீராகச் சுற்றும் ஓசை, டிக் டிக் என்ற தட்டல் இல்லை. தட்டல் இருந்திருந்தால் அப்போதே நிறுத்தி, டேட்டா மீட்கும் ஆட்களிடம் கொடுத்திருப்பேன். அந்த நிலைமையில் வீட்டில் செய்யும் எதுவும் கெடுதல்தான். அப்புறம் ஸ்மார்ட் விவரத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அதில் பார்க்க வேண்டியவை முக்கியமாக இரண்டு வரிகள். ஒன்று, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்கின் சின்னச் சின்னக் கட்டங்கள். இன்னொன்று, படிக்க முடியாமல் காத்திருப்பில் இருக்கும் செக்டர்கள். பெரியப்பாவின் டிஸ்கில் இரண்டாவது வரி பூஜ்யமாக இல்லை. டிஸ்க் சாகவில்லை, ஆனால் ஆரம்பித்துவிட்டது.

இந்த மாதிரி டிஸ்கில் ஃபைல்களை ஒவ்வொன்றாக இழுத்துப்போட்டு காப்பி செய்யக்கூடாது. கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் முட்டிக்கொண்டிருக்கும், நல்ல இடங்கள் அதற்குள் கெடலாம். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளையெல்லாம் முதல் சுற்றில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். பிறகு நிதானமாகத் திரும்பி வந்து அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதை எடுத்தது, எது பாக்கி என்று ஒரு கோப்பில் எழுதி வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த ஊரில் இது சாதாரண வசதியில்லை.

160 ஜிபி என்பது இன்றைக்கு ஒரு பெரிய அளவே கிடையாது. அந்தப் பழைய யு.எஸ்.பி. வேகத்தில், நொடிக்கு 30 எம்பி என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மணி நேரம். கடைசிச் சுரண்டலுக்கு இன்னும் கொஞ்சம். பெரியப்பா நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து எண்கள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் டிஸ்கின் முழுப் பிரதி என் எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒரே கோப்பாக இருந்தது. அதைத் திறந்து, டெஸ்க்டாப் ஃபோல்டரில் பேஜ்மேக்கர் கோப்புகளின் பட்டியலைக் காட்டினேன். "எல்லாம் இருக்கு" என்றார். பெரியம்மா காபி கொண்டுவந்தார். இனி இந்தப் பெட்டி எரிந்தே போனாலும் கவலையில்லை என்ற நிலை வந்த பிறகுதான் நான் அதைக் கிளப்பும் வேலையில் இறங்கினேன்.

அந்தப் பிரதியை ராத்திரியோடு ராத்திரியாக நான் கொண்டுபோன இன்னொரு 500 ஜிபி டிஸ்கில் அப்படியே எழுதினேன். பெட்டிக்குள் இனி அதுதான். பழைய டிஸ்கைச் சுற்றி, மேலே பெயர் எழுதி, பீரோவில் வைத்தாயிற்று.

இப்போது மின்சாரம். சுவர் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தேன். பகலில் 220க்குக் கிட்ட. சாயங்காலம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 180க்குக் கீழே. யு.பி.எஸ்.ஸில் பேட்டரி செத்துப் பல காலம் ஆகிறது, அது வெறும் பிளக் பாயின்டாகத்தான் இருந்தது. எக்ஸ்டென்ஷன் பெட்டியின் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. பெரியம்மாவுக்கு அடித்த ஷாக் அதனால்தான். எஸ்.எம்.பி.எஸ். என்பது பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை. அதற்குள் இரைச்சலை வடிகட்ட பேஸ் ஒயரிலிருந்தும் நியூட்ரல் ஒயரிலிருந்தும் பெட்டியின் உடம்புக்கு இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அதில் கசியும் கொஞ்சூண்டு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டியே பாதி வோல்டேஜில் மிதக்கும், தொட்ட கை வழியாக இறங்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுக்கச் சொன்னோம். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அப்புறம் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்த்தேன். அதிலிருந்து போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் ஊதா ஒயர் ஒன்று உண்டு. பொத்தானை அமுக்காதபோதும் அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். அதுதான் தூங்கும் போர்டை விழித்திருக்க வைப்பது. இங்கே 4.5தான் வந்தது. பொத்தானை அமுக்கி, சிஸ்டம் ஓடிய ஒரு தடவையில் மஞ்சள் ஒயரைப் பார்த்தேன். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11க்கும் கீழே ஆடியது. 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது கணக்கு. அதாவது 12க்கு 11.4 வரை, 5க்கு 4.75 வரை. அதற்குக் கீழே போனால் எதையும் நம்ப முடியாது.

ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நிற்பதற்கும் இதுவே காரணம். எஸ்.எம்.பி.எஸ். எல்லா வோல்டேஜும் நிலைக்கு வந்த பிறகு சாம்பல் ஒயர் வழியாக 'தயார்' என்று போர்டுக்குச் சொல்ல வேண்டும். அதுவரை போர்டு பிராசசரை ஓட விடாது. உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் வயதாகி உலர்ந்துவிட்டால் வோல்டேஜ் நிலைக்கு வராது, தயார் என்ற சேதி போகாது, போர்டு விட்டுவிடும். குளிரில் அந்தக் கெபாசிட்டர்களின் உள் தடை இன்னும் ஏறும். மார்கழிக் காலையில் மோசம், மதியம் பரவாயில்லை என்று பெரியப்பா சொன்னதற்கு இதுதான் பொருள். காலையில் கிளம்ப மறுத்து, கொஞ்சம் சூடானதும் கிளம்பும் பழைய சிஸ்டத்தைப் பார்த்தால் என் சந்தேகம் நேராக எஸ்.எம்.பி.எஸ். மேல்தான் போகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறக்காதீர்கள். 230 வோல்டைத் திருத்தினால் உள்ளே சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். கெபாசிட்டர் மாற்றத் தெரிந்தவர்களுக்குக்கூட அதில் மிச்சம் பெரிதில்லை. புதிது வாங்கி மாற்றிவிடலாம். வாங்கும்போது ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்க்காமல் கையில் தூக்கியும் பாருங்கள். 450 என்று ஒட்டிவிட்டுப் பஞ்சு மாதிரி இருப்பதை வாங்காதீர்கள். நான் கும்பகோணம் போய் கொஞ்சம் கனமானதாக ஒன்று வாங்கிவந்து மாட்டினேன்.

போர்டையும் வெளிச்சத்தில் பார்த்தேன். பிராசசரைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா, பழுப்பாக எதுவும் கசிந்திருக்கிறதா என்று. 2000க்குப் பிறகு சில வருடங்கள் வந்த போர்டுகள் பலவற்றில் மட்டமான கெபாசிட்டர்கள் உப்பி வெடித்ததை சர்வீஸில் இருந்த எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதில் எல்லாம் தட்டை. நல்ல போர்டு.

புதிய எஸ்.எம்.பி.எஸ். மாட்டியதும் ஃபேன் நிற்காமல் ஓடியது. ஆனால் திரை இருட்டு, ஸ்பீக்கரில் விடாமல் பீப். இது ரேம். இரண்டு குச்சிகளையும் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துணியால் துடைத்து, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் தட்டி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் நல்லவை. பீப் நின்றது, திரை வந்தது.

வந்த திரையில் தேதி இல்லை என்ற அறிவிப்பும் எஃப் 1 அமுக்கும் வரியும். கரண்ட் இல்லாதபோதும் தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்கும் அந்த வட்ட பேட்டரி, சி.ஆர். 2032, மூன்று வோல்ட் காட்ட வேண்டியது இரண்டுக்குப் பக்கம் காட்டியது. எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும், ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. மாற்றி, தேதியைச் சரி செய்து, சேமித்து வெளியே வந்தேன். எக்ஸ்பியின் படம் வந்தது, கீழே பட்டை ஓடியது, ஒரு நீலத் திரை கண் மூடித் திறப்பதற்குள் மின்னி மறைந்தது, சிஸ்டம் திரும்ப முதலிலிருந்து கிளம்பியது. பெரியப்பா சொன்னது இதைத்தான். ஃபார்மட் என்ற முடிவு வந்ததும் இந்த இடத்தில்தான்.

அந்த நீலத் திரையைப் படிக்காமல் யாரும் முடிவுக்கு வரக்கூடாது. அது மின்னி மறைவதற்குக் காரணம், தவறு நடந்தால் தானாகவே ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்று எக்ஸ்பியில் ஒரு அமைப்பு முன்கூட்டியே போட்டிருப்பது. எக்ஸ்பி படம் வருவதற்கு முன் எஃப் 8ஐ அமுக்கினால் ஒரு பட்டியல் வரும். அதில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தேன். இந்தத் தடவை நீலத் திரை அசையாமல் நின்றது. கீழே நீளமான எண், கடைசியில் 7பி.

7பி என்றால், எக்ஸ்பி கிளம்பிவிட்டது, ஆனால் தான் இருக்கும் டிஸ்கையே அதனால் எட்ட முடியவில்லை என்று அர்த்தம். டிஸ்கில் எந்தக் கோப்பும் கெடாமலேயே இது வரலாம். இங்கே அதுதான் நடந்திருந்தது. தேதியை விட்டாலும் அதுவரை அமைப்புகளைப் பிடித்து வைத்திருந்த அந்த பேட்டரியைக் கழற்றி மாட்டியபோது பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் போர்டைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் அழிந்து, போர்டு தொழிற்சாலையில் இருந்தபடிக்குத் திரும்பிவிட்டது. அந்த போர்டில் சாட்டா டிஸ்கோடு பேசும் முறை தொழிற்சாலை அமைப்பில் ஏ.ஹெச்.சி.ஐ. எக்ஸ்பி வெளிவந்தது 2001ல், ஏ.ஹெச்.சி.ஐ. வந்தது 2004ல். அதற்கான டிரைவர், அதாவது அந்த முறையில் பேச உதவும் சின்ன மென்பொருள், எக்ஸ்பியில் இயல்பாகக் கிடையாது. அதனால்தான் 2008ல் அசெம்பிள் செய்தவர் பயாஸில் பழைய ஐ.டி.இ. முறைக்கு மாற்றிவிட்டு எக்ஸ்பியை நிறுவியிருக்கிறார். அது மாறிப்போனதும், வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியைக் கையில் கொடுத்த மாதிரி, எக்ஸ்பி வாசலிலேயே நின்றுவிட்டது.

பயாஸுக்குள் போய், சாட்டா முறை என்ற வரியை ஏ.ஹெச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.இ.க்கு மாற்றினேன். எஃப் 10 அமுக்கிச் சேமித்தேன். எக்ஸ்பி படம் வந்தது, பட்டை ஓடியது, பெரியப்பாவின் டெஸ்க்டாப் வந்து நின்றது. பேஜ்மேக்கர் திறந்தது. ஒப்பாரிப் பாட்டின் பக்கம் வானவில் எழுத்தில், அவர் விட்ட இடத்தில் இருந்தது. ஒரே ஒரு வரி மாற்றம். இதற்காக சி டிரைவை அழித்திருப்பார்கள் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எத்தனை வீடுகளில் எத்தனை பேருடைய எழுத்தும் படமும் இப்படி ஒரு வரிக்காகப் போயிருக்கும்.

பயாஸில் எதையும் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் சிஸ்டமாக இருக்கும்போதே எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. பேட்டரி மாற்றிய பிறகு அந்த போட்டோவைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிடலாம்.

வலுவிழந்த பேட்டரி செய்த இன்னொரு கேடு பிறகுதான் தெரிந்தது. பெரியப்பா ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். பேட்டரியிலும் வலு இல்லாததால் ஒவ்வொரு காலையும் அந்தக் கம்ப்யூட்டருக்கு 2008 ஜனவரி 1 ஆகவே விடிந்திருக்கிறது. பல மாதம் அவர் செய்த வேலை எல்லாமே அந்த ஒரே நாளில் செய்ததாகப் பதிவாகியிருந்தது. அவரோ ஒரே பகுதியை 'ஒப்பாரி புதிது', 'ஒப்பாரி திருத்தியது', 'ஒப்பாரி கடைசி' என்று வெவ்வேறு பெயரில் சேமித்து வைக்கும் பழக்கம் உள்ளவர். எது உண்மையில் கடைசி? தேதிப்படி அடுக்கினால் முந்தின வருடங்களில் முடித்த பழைய பிரதிதான் புதியதாக மேலே வருகிறது. நேற்று எழுதியது எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கிறது. யாராவது தேதியை நம்பிப் பழையது என்று கீழே இருப்பதை அழித்திருந்தால், மாதக்கணக்கில் செய்த திருத்தம் போயிருக்கும்.

இதற்கு வழி பெரியப்பாவின் நோட்டுகளில் இருந்தது. எந்த ஊரில், யார் பாட, எந்தத் தேதியில் கேட்டது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே எழுதியிருக்கிறார். எந்தப் பாட்டை எப்போது தட்டச்சு செய்து முடித்தார் என்பதையும் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்திருக்கிறார். நான் கோப்புகளைத் திறந்து காட்ட, அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "இதுல அந்த மாரியாயி பாட்டு இருக்கா? இல்லன்னா இது பழசு" என்று சொல்லச் சொல்ல, வரிசைப்படுத்தினோம். தெளிவானதற்கெல்லாம் கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாளை எழுதி வைத்தேன். கம்ப்யூட்டரின் கடிகாரம் என்ன சொன்னாலும் பெயர் மாறாது.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று அண்ணன் கேட்டான். வாங்கலாம். ஆனால் இந்தக் கோப்புகளை அதில் அப்படியே எளிதாகத் திறந்துவிட முடியாது. பேஜ்மேக்கர் 2001ல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுபோனது. எழுத்தோ, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் பொதுக் குறியீடான யுனிகோட் இல்லை. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஒப்பாரி முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். 1999ல் தமிழக அரசு டாப், டாம் என்ற குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010ல் யுனிகோடுக்கு மாறியது. நடுவிலும் முன்னாலும் ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. அந்தக் காலத்தில் தட்டச்சான எத்தனையோ இன்னும் இந்த மாதிரிப் பழைய பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன. அதைச் சரியாகத் திறந்து காட்ட, அன்றைய எழுத்துருவும் மென்பொருளும் உள்ள அதே பெட்டி ஓட வேண்டும். பழைய கம்ப்யூட்டரைக் கிளப்புவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

இப்போது அந்த சிஸ்டம் ஓடுகிறது. யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. டிஸ்கின் பிரதி ஒன்று என் வீட்டிலும் ஒன்று சென்னையில் அண்ணன் வீட்டிலும் இருக்கின்றன. பேஜ்மேக்கர் கோப்புகள் ஒவ்வொன்றையும் முதலில் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆக்கி, அப்புறம் அதிலிருக்கும் எழுத்தை மட்டும் தனியாக எடுத்து யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். குறியீட்டை மாற்றித் தரும் மென்பொருள்கள் பெரும்பாலும் சரியாகவே செய்கின்றன. கொம்பு போட்ட எழுத்துகளில்தான் இடறுகின்றன. பழைய எழுத்துருவில் கொம்பு முதலிலும் மெய் பிறகும் இருக்கும், யுனிகோடில் மெய் முதலில். ஒரு வரி உடைந்து அடுத்த வரிக்குப் போகும் இடத்தில் கொம்பு அநாதையாக நின்றுவிடுகிறது. அதை நோட்டோடு ஒப்பிட்டுப் பெரியப்பாவே திருத்துகிறார். தாலாட்டு முடிந்துவிட்டது, நடவுப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு சில கோப்புகள் மட்டும் வானவில் இல்லாத வேறு ஏதோ எழுத்துருவில் இருக்கின்றன. கும்பகோணத்தில் ஒரு டி.டி.பி. (கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துத் தரும்) கடையில் அடித்து வாங்கியவை, அந்தக் கடை இப்போது இல்லை. 2000த்தை ஒட்டித் தஞ்சை, கும்பகோணம் பக்கம் டி.டி.பி. வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்று நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு சிடிக்கள் வீட்டில் எங்கேயாவது இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து பிரதி எடுத்துக்கொள்கிறேன்.